துறை மரியாதை

சூசையப்பர்பட்டினம் கடல் ஆய்வு நிலையத்தில் ஆறு வருடமாக யாரும் யாருடைய துறையிலும் மூக்கை நுழைத்ததில்லை. அதற்கு அவர்கள் பெயர்கூட வைத்திருந்தார்கள்: துறை மரியாதை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அலைப் பொறியாளர் டெல்பின் தன் பகுதியைச் சொல்வாள். பவள உயிரியலாளர் பூவராகன் தலையாட்டுவார். பிறகு பூவராகன் சொல்வார், டெல்பின் தலையாட்டுவாள். இயக்குநர் திலகராணி இரண்டு தலையாட்டல்களையும் சேர்த்து ஓர் அறிக்கையாக்கி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவார்.

கடலுக்கு மட்டும் இந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. ஊருக்கு முன்னால், தண்ணீருக்குள், கான்கிரீட் கட்டைகளை வரிசையாக இறக்கி, அவற்றின்மேல் பவளக் கன்றுகளை நட்டு அவர்கள் ஒரு மதில் எழுப்பியிருந்தார்கள். அலையை உடைக்க கான்கிரீட், கான்கிரீட்டைக் காக்க பவளம். முதல் நான்கு வருடம் கரையில் மணல் சேர்ந்தது; ஊரே கொண்டாடியது. கடைசி இரண்டு வருடமாக வடக்குத் தெருவின் மணல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் டெல்பின், "அலைக் கணக்குல ஒரு தப்பும் இல்ல" என்பாள். பூவராகன், "பவளம் பிரமாதமா இருக்கு" என்பார். இரண்டுமே உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எச்சரிக்கை வந்தது. தெற்கே வெகுதூரத்தில், பெருங்கடலில் புயல். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. பளிச்சென்று வெயிலடிக்கும்போதே கடல் திருடனைப்போல் எழுந்து வீட்டுக்குள் வரும். அந்தக் கரையில் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். மறுநாள் காலை வந்துவிடும் என்றார்கள்.

கூட்ட அறையில் திலகராணி பங்குத்தந்தையுடன் போனில் பேசிக்கொண்டிருந்தார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

"ஆளுகள இப்பவே ஸ்கூலுக்கு ஏத்திருவேன் மேடம்," என்றார் பங்குத்தந்தை. "வீட்ட எங்க ஏத்துறது? வடக்குத் தெருவுல நாப்பது வீடு கெடக்கு. உங்க மதிலு நிறுத்துமா, நிறுத்தாதா? அதச் சொல்லுங்க, போதும்."

திலகராணி நிமிர்ந்து பார்த்தார். டெல்பின் பூவராகனைப் பார்த்தாள். பூவராகன் சன்னலைப் பார்த்தார்.

"அலையப் பொறுத்தவரைக்கும் நிறுத்தும்," என்றாள் டெல்பின்.

"பவளத்தப் பொறுத்தவரைக்கும் ஒரு குறையும் இல்ல," என்றார் பூவராகன்.

"அப்ப மண்ணு எங்கவே போகுது?" என்று மேசைமேலிருந்து பங்குத்தந்தை கத்தினார். திலகராணி போனை அணைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த ஜுலைகாவைப் பார்த்துத் தலையசைத்தார். "பட்டைய எடும்மா."

ஜுலைகா நரம்பியல் ஆராய்ச்சியாளர். நிலையத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் கண்டுபிடித்திருந்த பட்டை பார்ப்பதற்கு ஜலதோஷத்துக்குத் தலையில் கட்டுகிற துணி மாதிரிதான் இருக்கும். அது செய்கிற வேலை வேறு. ஒருவர் வருடக்கணக்கில் ஒரு துறையில் உழன்று சேர்த்த பார்வையை, அந்தக் கண்ணை, அந்தச் சட்டென்று தோன்றுகிற உள்ளுணர்வை, இன்னொருவர் தலைக்கு மாற்றிவிடும்.

போன மாதம் ஓர் ஒத்திகை நடந்தது. டெல்பினின் அலையறிவு பூவராகனுக்கு, பூவராகனின் பவள அறிவு டெல்பினுக்கு. இனிமேலாவது ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்று திலகராணி கேக் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். நடந்தது என்ன? பூவராகன், "அலைக் கணக்குல ஒரு தப்பும் இல்ல" என்றார். டெல்பின், "பவளம் பிரமாதமா இருக்கு" என்றாள். சண்டை அப்படியே இருந்தது, ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். அன்றைக்கே அவரவருடையதை அவரவர் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கேக்கை அலுவலக உதவியாளர்கள் சாப்பிட்டார்கள்.

"இந்தத் தடவ மாத்திக்க வேண்டாம்," என்றாள் ஜுலைகா. "ஒரே தலையில ரெண்டும் இருக்கட்டும். ரெண்டையும் சேத்துப் பாக்கறதுக்கு ஒரு ஆள். ஆனா குடுக்கறவங்க வெறுமையாயிடுவாங்க. இது வீட்டுச் சாவி மாதிரி, ஒண்ணுதான் உண்டு. வாங்கினவங்க கையில இருந்தா குடுத்தவங்க கையில இருக்காது. பொழுது சாயறதுக்குள்ள திருப்பி வாங்கிரணும். தாண்டிருச்சுன்னா வாங்கினவங்க தலையிலயே ஊறிடும். அப்புறம் திரும்பி வராது."

யார் கொடுப்பது என்பதற்குப் பெரிய விவாதம் தேவைப்படவில்லை. மதிலைக் கீழே போய்ப் பார்க்க வேண்டும். டெல்பினுக்குச் செவிப்பறையில் பழைய கோளாறு. ஆழத்தில் இறங்கக் கூடாது. பூவராகன்தான் முக்குளிப்பார். ஆகவே கொடுக்க வேண்டியவள் டெல்பின்.

அலை என்பது அவளுக்கு வேலை மட்டுமல்ல. வீட்டில் அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்ற வருடங்களில், திருமணப் பேச்சு முறிந்த வருடத்தில், அவள் யார் என்று அவளுக்கே சொல்லிக்கொண்டிருந்த ஒரே விஷயம் அதுதான். 'அலை மேடம்' என்றுதான் ஊரில் அவளைக் கூப்பிடுவார்கள்.

"சாயங்காலம் திருப்பித் தருவீருல்லா சார்?" என்று பூவராகனிடம் கேட்டாள்.

"உங்களுத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? என்னுதே எனக்கு அதிகம்," என்றார் அவர்.

பட்டை கட்டப்பட்டது. பிடரியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. பிறகு பின்மண்டை மரத்துப்போனது. "அவ்வளவுதான்க்கா," என்று ஜுலைகா அவிழ்த்தாள்.

டெல்பின் எழுந்து சன்னலுக்குப் போனாள். வெளியே கடல் இருந்தது. நீலமாக, நிறையத் தண்ணீராக, வெறுமனே இருந்தது. எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு ஆழத்தைத் தொட்டு வருகிறது, எங்கே உடையும், ஒன்றும் தோன்றவில்லை. கண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்தாள். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிந்த அன்று வருகிற ஒரு நிம்மதி. இனி யாரும் அவளை எதுவும் கேட்கமாட்டார்கள். எதற்கும் அவள் பொறுப்பில்லை.

பின்னால் பூவராகன் முக்குளிக்கும் உடுப்பில் காலை நுழைத்துக்கொண்டே பரபரப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். தலைக்குள் இரண்டு பேர் குடியேறியவர் வேறு எப்படிப் பேசுவார்? டெல்பின் அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைப் பார்த்தாள். நிலையத்தின் பெருமை அது. நீலத் தண்ணீரில், இரண்டு பக்கக் கட்டைகளிலிருந்தும் மான்கொம்பு போல் கிளைத்த பவளங்கள் நடுவில் வந்து பின்னிக்கொண்டிருக்கும். ஊடே மஞ்சள் மீன்கள். மூன்று மாநாடுகளில் கைதட்டல் வாங்கிய படம். இதே அறையில் இருநூறு தடவையாவது அதைப் பார்த்திருப்பாள். இப்போதுதான் பார்க்கிறதுபோல் இருந்தது.

"சார், இது எங்க எடுத்தது?"

"மூணாம் வாசல்ல."

"வாசல்னா? பேரு ஞாபகம் இருக்கு. எதுக்குன்னுதான் வரல."

பூவராகன் பொறுமையாகச் சொன்னார். அவளுடைய அறிவை அவளுக்கே சொல்லிக்கொடுக்கிற சுகம் அவருக்கு. "மதிலத் தாண்டி அலை கொஞ்சம் தண்ணிய உள்ள தள்ளும் பாருங்க. அந்தத் தண்ணி திரும்பி வெளிய போகணும்ல? அதுக்காக நீங்க கட்டைக்குக் கட்டை ஒரு ஆள் அகலம் இடம் விட்டீங்க. அதான் வாசல்."

"சரி. அப்ப வாசல் எங்க?"

"அதான் சொல்றேனே, படத்துல இருக்கறதே வாசல்தான்."

"அதுல பூரா பவளமால்லா கெடக்கு," என்றாள் டெல்பின். "நான் ஒண்ணும் தெரியாமக் கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதீரு. உள்ள வந்த தண்ணி எது வழியா வெளிய போவும்?"

உடுப்பின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி பூவராகன் படத்தை நோக்கித் திரும்பினார். அவர் முகத்தில் நிறம் போனதை டெல்பின் கண்ணால் பார்த்தாள்.

"போகாது," என்றார். பிறகு கத்தினார். "ஐயோ, போகாது! வாசல் அடைஞ்சுபோச்சு! வழியில்லாத தண்ணி மதிலோட உள்பக்கமாவே வடக்க ஓடுது. ஆறு மாதிரி ஓடுது! அதுதான் மண்ண அள்ளிட்டுப் போகுது! மேடம், மண்ண அள்ளறது கடல் இல்ல, நம்ம மதில்!"

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். டெல்பின் கணக்குப் போட்டபோது வாசல்கள் திறந்திருந்தன. அவள் கணக்கில் அவை இன்றும் திறந்தே இருந்தன. பவளம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அவள் கேட்டதில்லை, அது பூவராகன் துறை. வாசல் மூடியதைப் பூவராகன் கண்ணாரக் கண்டார், படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார். ஆனால் அது எதற்காக விடப்பட்ட இடம் என்று கேட்டதில்லை, அது டெல்பின் துறை. அவ்வளவு மரியாதையான மனிதர்கள்.

"எல்லா வாசலையும் தொறக்கக் கூடாது," என்று பூவராகன் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். டெல்பின் பேசும்போது செய்வதுபோலவே உள்ளங்கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். "தொறந்தா அலை நேரா உள்ள வந்துரும். எதெதுன்னு கீழ போய் ஓட்டத்தப் பாத்துத்தான் சொல்லணும். எந்தப் பவளம் உயிரோட கெட்டியா இருக்கு, எது தட்டினா விழும்னும் பாக்கணும். எனக்கு ரெண்டும் தெரியுது டெல்பின்! ரெண்டும் ஒண்ணாத் தெரியுது! கடவுளே, இப்படி ஒரு பார்வையா!"

மதியம் படகு கிளம்பியது. பூவராகன், முக்குளிக்கத் தெரிந்த இரண்டு பேர், கடப்பாரைகள், பட்டையோடு ஜுலைகா. ஒன்றும் தெரியாத டெல்பினும் ஒட்டிக்கொண்டாள். அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்த உற்சாகத்தைப் பார்த்தால் சொல்லவும் மனம் வராது.

பூவராகன் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். முதல் வாசல் திறந்தபோது மேலே இருந்தவர்களுக்கே தெரிந்தது. கலங்கல் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வெளிக்கடல் பக்கம் பாய்ந்தது. படகில் இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். டெல்பின் கைதட்டினாள். பூவராகன் தலையை வெளியே நீட்டி முகமூடியை உயர்த்தினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு பவளக்கிளை. ஆறு வருடமாக ஒவ்வொரு கன்றையும் தன் கையால் நட்டவர் அவர்.

"மூணாம் வாசலயும் உடைக்கணும்," என்றார். "அந்தப் படத்துல இருக்கறத."

"உடையும் சார்," என்றாள் டெல்பின். வேறென்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கிளையை அவள் மடியில் வைத்துவிட்டு மறுபடி மூழ்கினார்.

வெயில் சாய ஆரம்பித்தது. கடல் மெல்ல மெல்ல மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது; படகு ஏறி ஏறி இறங்கியது. இரண்டு வாசல்தான் திறந்திருந்தது. இன்னும் மூன்று திறக்க வேண்டும். பூவராகன் மேலே வந்தபோது ஜுலைகா பட்டையை எடுத்துவிட்டாள்.

"நேரமாச்சு சார். அக்காவுதத் திருப்பிக் குடுத்துரணும்."

"குடுத்துட்டா எந்த வாசல எவ்வளவு தொறக்கணும்னு எனக்குத் தெரியாதே! மிச்சத்த யார் பாக்கறது?"

"அக்காவுக்குத் தெரியும்."

"அவங்க கீழ இறங்க முடியாது!"

சூரியன் தென்னந்தோப்பின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூவராகன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டெல்பினைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. வேணும்னா இப்பவே ஏறி வந்துடறேன். சத்தியமா வந்துடறேன்."

டெல்பின் கரையைப் பார்த்தாள். வடக்குத் தெருவில் யாரோ ஒரு பீரோவை நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. இத்தனை வருடப் படிப்பு, பெயர், மரியாதை, நாளைக் காலை எழுந்தால் நான் யார் என்கிற பதில், எல்லாம் தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரின் தலைக்குள் இருந்தது.

"இருக்கட்டும்," என்றாள். "நீரே வச்சுக்கிடும். வாசலத் தொறயும் சார், போரும்."

பூவராகன் படகின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதபடியே மூழ்கினார். ஜுலைகா பட்டையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சூரியன் தோப்புக்குள் இறங்கியது.

மறுநாள் கள்ளக்கடல் சொன்னபடி வந்தது. ஊரே பள்ளிக்கூட மாடியில் நின்றது. மதிலின்மேல் அலை எழுந்து உடைந்து, வெள்ளையாகச் சரிந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் கரையேறி வடக்குத் தெருவின் முதல் வாசற்படியை நக்கியது. அப்போது உள்ளே வந்த தண்ணீரெல்லாம் திரும்பி, ஐந்து வாசல் வழியாகவும், ஐந்து ஓடை போல், வந்த வேகத்தில் வெளியே பாய்ந்தது. அடுத்த அலை, மறுபடி ஐந்து ஓடை. காலை முழுக்க இதுதான் நடந்தது. ஒரு வீட்டின் சுவர்கூட விழவில்லை. பங்குத்தந்தை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி மணியடித்தார். மணிக்கயிற்றை மற்றவர்கள் பிடுங்கிப் பிடுங்கி அடித்தார்கள். டெல்பின் மாடியில் நின்று விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் அவள் ராஜினாமா கடிதம் கொடுத்தாள். திலகராணி வாங்க மறுத்தார். "எனக்கு அலைன்னா என்னன்னே தெரியாது மேடம். சம்பளம் எதுக்கு?" என்று மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். அலைப் பிரிவையும் பூவராகனிடமே கொடுத்தார்கள். அவர் இரண்டு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கூட்டத்தில் தலையாட்ட ஆளில்லாமல், சோறு இறங்காமல் திரிந்தார் என்று கேள்வி.

டெல்பின் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஜுலைகா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா மக்ளே. டீ போடட்டா?"

"வேணாம்க்கா. ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க என்ன அடிப்பீங்க."

"சொல்லிட்டு அடி வாங்கு."

ஜுலைகா மூட்டை கட்டியிருந்த பாய்மேல் உட்கார்ந்தாள். "அந்தப் பட்ட உங்ககிட்டருந்து ஒண்ணும் எடுக்கலக்கா. அது நகல்தான் எடுக்கும். பூவராகன் சாருக்குப் போனது நகல். உங்களுது உங்ககிட்டயேதான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

டெல்பின் கையிலிருந்த டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். "பின்மண்ட மரத்துப்போச்சே?"

"அது நான் குடுத்த ஒரு சின்ன குறுகுறுப்பு. ஒண்ணும் தெரியாமப் போனது, போயிருச்சுன்னு நீங்க நம்பினதால. அவ்வளவுதான். பொழுது சாயறதுக்குள்ளங்கறதும் நான் கட்டின கததான்."

"எதுக்குட்டி?"

"இதுக்கு முன்னால வேற ஒரு எடத்துல உண்மையச் சொல்லித்தான் குடுத்தேன். உங்களுதும் உங்ககிட்ட இருக்கும், அடுத்தவங்களுதும் வரும்னு. என்னாச்சு தெரியுமா? முன்னல்லாம் ஒருத்தர் ஒரு துறைக்கு ராஜா. அப்புறம் ஒவ்வொருத்தரும் ரெண்டு துறைக்கு ராஜா. கேள்வி கேக்கத்தான் அங்க ஒரு ஆளில்ல. அதனால இங்க வந்து பொய் சொன்னேன். தன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நம்பற ஒரே ஒரு ஆளாவது அறையில இருக்கட்டும்னு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படகுலயே சொல்லிருக்கணும். நீங்க 'வச்சுக்கிடும்'னு சொன்னதும் சார் அழுதுக்கிட்டே முங்கினாரே, அதப் பாத்ததும் வாய் வரல. மன்னிச்சிருங்கக்கா. நீங்க வீட்டக் காலி பண்றீங்கன்னு கேட்டதுலருந்து என்னால இருக்க முடியல."

டெல்பினுக்கு ரத்தம் சூடேறியது. ஓங்கி ஒன்று விட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. இத்தனை நாள் துக்கம் காத்தவள் அவள். ஆனால் கை எழுவதற்கு முன்னால் வேறொன்று எழுந்து அவளை அப்படியே உட்கார வைத்தது.

"அப்ப அந்தக் கேள்விய," என்றாள் மெதுவாக. "உள்ள வந்த தண்ணி எது வழியா போவும்னு. அதக் கேட்டது..."

"நீங்கதான்க்கா. எல்லாம் தெரிஞ்ச நீங்கதான்."

எந்தத் திங்கட்கிழமையும் அவள் அதைக் கேட்டிருக்கலாம். யாரும் அவள் வாயை மூடவில்லை. டெல்பின் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று ஜுலைகாவுக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து டெல்பின் முகத்தைத் துடைத்தாள். பாயின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"பூவராகன் சாருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. இப்பப் போய்ச் சொல்லலாம்னுதான்."

"சொல்லாத. திங்கக்கெழம நான் வருவேன். ஊறுனதயும் எடுக்க நீ ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்னு அவருக்குப் பட்டையக் கட்டி, என்னுதத் திருப்பி வாங்கியாச்சுன்னு சொல்லிருவோம். அவரு பவளத்த என் தலைக்குக் குடுக்கச் சொல்லு. அந்த மனுசனும் ஒரு நாளு ஒண்ணும் தெரியாம இருந்து பாக்கட்டும்."

"அக்கா, அது பொய்யாச்சே?"

"பொய்தான்," என்றாள் டெல்பின். "ஆறு வருசமா நாங்க தலையாட்டுனது மட்டும் என்ன உண்மையா?"